கல்பாத்திக்கு வருமுன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: "கோயம்புத்தூரில் இருக்கிறோம். அப்பாவுக்குக் கச்சேரி என்றால் உயிர். இரண்டு நாள் கல்பாத்தி, பாலக்காடு பக்கம் கூட்டிப்போக நினைக்கிறோம். அந்த ஆற்றங்கரை ஊரில் என்னென்ன பார்க்கலாம்? நல்ல சபா எது? மாலையில் எங்கே போனால் பாட்டு கேட்கலாம்?"

நான் கல்பாத்திக்காரன் இல்லை. கிழக்கே எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்து பேசுகிற ஊர். தேருக்கும் கச்சேரிக்கும் சின்ன வயதிலிருந்தே கல்பாத்தி போய்வருகிறேன். அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் சபா விஷயம். சென்னையை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவீர்கள். ஏதோ ஒரு சனிக்கிழமை வந்து இறங்கி, இன்றைக்கு எங்கே யார் பாடுகிறார்கள் என்று விசாரித்தால் பெரும்பாலும் பதில் இருக்காது. இங்கே பாட்டு கோயில் நாட்களை ஒட்டி வரும், அது முடிந்ததும் போய்விடும். தேர், ஏகாதசி, நவராத்திரி, ராதா கல்யாணம், வேலை (பகவதி கோயில் திருவிழாவுக்கு இங்கே இப்படிப் பெயர்) என்று அந்தந்த நாளில் தெருவே சபாவாகிவிடும். மற்ற நாட்களில் அதே தெருவில் கோலமும், முற்றத்தில் காயும் வத்தலும்தான். ஆகவே விடுதி பார்ப்பதற்கு முன்னால் நாள் பாருங்கள். ஐப்பசிக் கடைசி, அதாவது நவம்பர் நடுப்பகுதி கிடைத்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

அந்த நாட்களில் என்ன நடக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் ஊரைச் சொல்லிவிடுகிறேன்.

மலம்புழையிலிருந்தும் வாளையாறு, கோரையாறு, வரட்டாறுகளிலிருந்தும் வரும் நீர் சேர்ந்தது கல்பாத்தி ஆறு. மேற்கே பறளியில் இது கண்ணாடி ஆற்றோடு கலந்த பிறகுதான் பாரதப்புழை என்ற பெரிய பெயர் வருகிறது. கல்பாத்தி ஆற்றின் தென்கரையில் விசாலாட்சி சமேத விஸ்வநாத சுவாமி கோயில். தெருவிலிருந்து படி இறங்கித்தான் கோயிலுக்குள் போக வேண்டும். குண்டுக்குள், அதாவது பள்ளத்துக்குள் இருப்பதால் ஊரார் குண்டுக் கோயில் என்பார்கள். இன்னும் சில படி இறங்கினால் ஆறு. 1425-இல் லட்சுமி அம்மாள் என்ற விதவைப் பெண்மணி காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்து, அப்போது பாலக்காட்டை ஆண்ட இட்டிக்கோம்பி அச்சனிடம் 1320 பொன் கொடுத்துக் கோயில் கட்டச் செய்தார் என்பது கோயில் வரலாறு. அந்தக் காலத்தில் ஒரு பெண் தன் பெயரில் பணம் கொடுத்து எழுப்பிய கோயில் என்பதைச் சுற்றுலாப் பலகைகள் போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லிவிடுகின்றன. எனக்கென்னவோ கோயிலின் மற்ற எல்லாக் கதைகளையும்விட இதுதான் பெரிதாகப் படுகிறது. 'காசியில் பாதி கல்பாத்தி' என்று சொல்வழக்கு. படித்துறையில் நின்று பார்த்தால் சொன்னவர் கொஞ்சம் தாராள மனசுக்காரர் என்று தோன்றும். மலம்புழை அணை 1955-இல் வந்த பிறகு கோடையில் ஆறு மெலிந்து பாறைகள் தெரியும். மழைக்குப் பின் வாருங்கள், அப்போது ஆறு ஆறாக இருக்கும்.

கோயிலைச் சுற்றிப் பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம். இங்கே அக்கிரகாரம் என்று யாரும் அதிகம் சொல்வதில்லை, கிராமம் என்பார்கள். நகரத்தின் நடுவில் இருந்தாலும் கிராமம்தான். தஞ்சாவூர், மாயவரம், மதுரைப் பக்கங்களிலிருந்து பல நூற்றாண்டுகளாக வந்து குடியேறியவர்களின் வீடுகள், ஒன்றோடொன்று சுவர் ஒட்டி, திண்ணையோடு, ஓடு வேய்ந்து, நீளமாகப் பின்கட்டு வரை போகும். பாலக்காட்டைச் சுற்றி இப்படி 96 கிராமங்கள் என்று பழைய கணக்கு. இன்று பல வீடுகளில் வயதானவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். பிள்ளைகள் மும்பையிலும் அமெரிக்காவிலும். சில வீடுகள் கைமாறி மாடி எழும்பிவிட்டன. பாரம்பரிய கிராமம் என்று அறிவித்ததால் முகப்பை இஷ்டத்துக்கு இடிக்க முடியாது. அதைப் பற்றி அங்கே இருப்பவர்களுக்கு இரண்டு விதமான அபிப்பிராயம் உண்டு. ஒழுகுகிற கூரையின் கீழ் குடியிருப்பவர்களிடம் கேட்டால் ஒன்று சொல்வார்கள், விடுமுறைக்கு வந்து போட்டோ எடுத்துப் போகும் உறவினர் வேறொன்று சொல்வார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் தெருவில் எல்லோரும் நடக்க முடிந்தது சமீபத்தில்தான். 1924-இல் தேர் நாளில், அப்போது தீண்டாமைக்கு ஆளான கேரளச் சமூகமான ஈழவர்கள் தெருவுக்குள் வந்ததை ஒட்டிப் பெரிய தகராறு நடந்தது. தெருவில் நடக்கும் உரிமைக்காகவே அப்போது சிலர் சாதி பார்க்காத இந்துச் சீர்திருத்த அமைப்பான ஆரிய சமாஜத்தில் சேர்ந்தார்கள். இன்று தேர் வடம் பிடிக்கும் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தேருக்கு வருவோம். நான்கு கோயில்கள், ஆறு தேர்கள். முதல் நாள் விஸ்வநாத சுவாமி கோயிலின் மூன்று தேர்கள் கிளம்பும். சுவாமி தேர், பிள்ளையார் தேர், முருகன் தேர். இரண்டாம் நாள் புதிய கல்பாத்தி மந்தக்கரை மகாகணபதி. மூன்றாம் நாள் பழைய கல்பாத்தி லட்சுமி நாராயணப் பெருமாளும் சாத்தபுரம் பிரசன்ன மகாகணபதியும். அன்று மாலை எல்லாத் தேர்களும் தேர்முட்டியில் ஒன்றுகூடும். தேவரத சங்கமம் என்று பெயர். அந்த நேரத்தில் நாதஸ்வரமும் தவிலும் ஒரு பக்கம், கேரளத்துச் செண்டை மேளம் ஒரு பக்கம், 'கோவிந்தா' ஒரு பக்கம் என்று ஒலி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். தமிழ்நாட்டுத் தேர்களில் நீங்கள் பார்க்காத ஒன்று இங்கே உண்டு. முன்னால் ஆட்கள் வடம் இழுக்க, பின்னால் யானை நெற்றியைக் கொடுத்துத் தேரைத் தள்ளும். தேர் மாயவரத்து முறை, யானை மலையாளத்து வழக்கம். பாலக்காடு என்ன மாதிரி ஊர் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்த யானையைத்தான். ஆனால் அப்பாவை யானைக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டாம். கூட்டத்தில் யானை எந்த நேரமும் யானைதான்.

கல்பாத்தி சங்கீத உற்சவம் தேருக்கு முந்தைய சில நாட்களின் மாலைகளில் நடக்கும். அரசுச் சுற்றுலாத் துறையும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து நடத்துவது. டிக்கெட் கிடையாது, பந்தல் போட்டு நாற்காலி போட்டிருப்பார்கள். முதலில் உள்ளூர் இளம் பிள்ளைகள், அப்புறம் பெயர் பெற்ற வித்வான்கள். நிறையப் பேர் முக்கியக் கச்சேரி ஆரம்பிக்கும்போதுதான் வருவார்கள். நீங்கள் முன்னாலேயே வாருங்கள், இரண்டு காரணம் சொல்கிறேன். ஒன்று, நாற்காலி கிடைக்கும். இன்னொன்று, இங்கே பாட்டு கற்கும் பிள்ளைகளின் சுருதி சுத்தம் நன்றாக இருக்கும், மேடையில் அலட்டிக்கொள்ளவும் மாட்டார்கள். எனக்கு நினைவில் நிற்கும் நல்ல கல்யாணி ராகம் ஒன்று அப்படி ஆறு மணிக்குக் காலி நாற்காலிகளுக்கு முன்னால் பாடப்பட்டதுதான்.

ரசிகர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முன்வரிசையில் வேட்டி கட்டிய மாமாக்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள், தூங்குகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பாடகர் ஒரு அட்சரம் தள்ளி எடுத்தால் ஒரு கண் திறக்கும். பின்வரிசையில் மாமிகள் பல்லவி எப்போது முடியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஊர்க்கதையும் பேசுவார்கள். இரண்டுமே கச்சேரியின் அங்கம்தான். ஒலிபெருக்கிதான் எனக்குப் பிடிக்காதது. திறந்த இடம் என்பதற்காக மிருதங்கத்தின் சத்தத்தை ஏற்றிவிடுவார்கள், தம்புராவே கேட்காது. மேடைக்கு நேர் எதிரே உட்காராமல் கொஞ்சம் பக்கவாட்டில், ஸ்பீக்கரிலிருந்து விலகி உட்காருங்கள். இந்த ஊரிலிருந்து போன பாலக்காடு மணி ஐயருக்கே மைக் பிடிக்காது. மைக் இல்லாமல் கச்சேரி செய்ய வேண்டும் என்று கடைசி வரை வாதாடியவர் அவர்.

மணி ஐயர் பெயரைச் சொன்னதும் விஷயம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1912-இல் பழையன்னூரில் பிறந்தவர். முதல் பாடம் சாத்தபுரம் சுப்பையரிடம், அப்புறம் தஞ்சாவூர் வைத்தியநாதய்யரிடம். 1966-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது வாங்கினார். மிருதங்க வித்வான் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. அவருடைய வாசிப்பில் செண்டையின் நிழல் இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். கோயில் வேலைகளின் நடுவில் வளர்ந்த பையனின் காதில் தாயம்பகை என்ற செண்டைத் தனி வாசிப்பு விழாமல் எப்படி இருக்கும்? இந்த ஊர் மிருதங்கத்தைக் கேட்க வேண்டுமானால் ஒரு தடவையாவது செண்டை கேட்டுவிட்டுப் போய்க் கேளுங்கள். வேகம் படிப்படியாகக் கூடிக்கொண்டே போய், கடைசியில் மூச்சு முட்டுகிற இடத்தில் வந்து நிற்கும் அந்தக் கட்டமைப்பு புரிந்தால், கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வேறு மாதிரிக் கேட்கும்.

கொடுக்கல் வாங்கல் அந்தப் பக்கமாகவும் நடந்திருக்கிறது. கேரளக் கோயில் மேளமான பஞ்சவாத்தியம் இன்றைய வடிவத்துக்கு வந்ததில் பெரும் பங்கு திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமிக்கு உண்டு. தமிழ் பேசும் பட்டர், அதாவது கேரளத்துத் தமிழ்ப் பிராமணர், மத்தளம் வாசித்தவர். திமிலை, மத்தளம், இடக்கை, இலத்தாளம், கொம்பு என்ற ஐந்தும் சேர்ந்து மணிக்கணக்கில் நடக்கும் அந்த மேளத்தில் மத்தளத்துக்கு இன்றிருக்கும் இடத்தை வாங்கிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர். ஆகவே பஞ்சவாத்தியம் நடக்கிறது என்று கேள்விப்பட்டால் 'அது கேரளாக்காரர்கள் சமாச்சாரம்' என்று விட்டுவிடாதீர்கள். பல்லாவூர் அப்பு மாராரும் அவர் தம்பிகளும் இந்த ஜில்லாவின் பல்லாவூர்க்காரர்கள்தான். மைக் இல்லாத சங்கீதம் வேண்டும் என்றால் அதுதான். மீனமாதம் இருபதாம் தேதி, ஏப்ரல் தொடக்கத்தில் வரும் நென்மாறை வல்லங்கி வேலைக்கு வந்தால் இரண்டு ஊர்களும் போட்டி போட்டுக்கொண்டு மேளம் வைப்பதைக் கேட்கலாம். பிறகு வெடிக்கட்டு, அதாவது வாணவேடிக்கை. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், வெயிலுக்குக் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாத்தியங்கள் எங்கே பிறக்கின்றன என்று பார்க்க ஆசை இருந்தால் பெருவெம்பை போங்கள். பாலக்காட்டிலிருந்து கொடுவாயூர் போகும் வழியில் இருக்கும் ஊர். செண்டை, மத்தளம், மிருதங்கம், இடக்கை எல்லாம் வீட்டு வாசலிலேயே செய்வார்கள். தலைமுறை தலைமுறையாகத் தோல் வேலை செய்யும் குடும்பங்கள். பலா மரத்தைக் குடைந்து கட்டையாக்குவது ஒரு வேலை, தோலைப் பதம் பார்த்து மூட்டு கட்டுவது இன்னொன்று. மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையில் கரணை வைப்பதைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். கறுப்புச் சாந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, கல்லால் தேய்த்து, தட்டிக் கேட்டு, மறுபடியும் வைத்துத் தேய்ப்பார்கள். காய்ந்த பிறகு நுண்ணிய வெடிப்புகள் விழ வேண்டும், அதில்தான் நாதம். பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. மேடையில் வாசிப்பவர் பெயர் அச்சாகும், செய்தவர் பெயர் எங்கும் வராது. வேலை நடக்கும் நேரத்தில் போய் நின்றால் பேசுவார்கள். ஆனால் அது அவர்கள் பிழைப்பு நடக்கும் இடம், கேமராவை நீட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா பாட்டுக்காரர் என்பதால் செம்பையைத் தனியாகச் சொல்கிறேன். செம்பை வைத்தியநாத பாகவதரின் ஊர் கோட்டாயி பக்கம், பாரதப்புழைக் கரையில். பார்த்தசாரதி கோயில், அதற்குப் பக்கத்தில் அக்கிரகாரத் தெரு, வயல், அவ்வளவுதான். அந்தக் கோயிலில் மாசி மாதத்தை ஒட்டி வரும் ஏகாதசிக்கு அவர் தொடங்கிவைத்த சங்கீத உற்சவம் இன்றும் நடக்கிறது. மாணவர் யேசுதாஸ் எத்தனையோ வருடங்கள் வந்து பாடியிருக்கிறார். சாதி, மதம் பார்க்காமல் ஒரு கிறிஸ்தவப் பையனைச் சீடனாக ஏற்று மேடையில் பக்கத்தில் உட்காரவைத்தவர் செம்பை. 1951-இல் சங்கீத கலாநிதி ஆனார், அடுத்த வருடமே குரல் போயிற்று. திரும்பி வந்தது குருவாயூரப்பன் அருள் என்று அவரே நம்பினார், அதன் பிறகு சம்பாத்தியத்தை அங்கேயே செலவழித்தார் என்பார்கள். 1974 அக்டோபரில் ஒற்றப்பாலம் பக்கத்தில், கோயிலில் கச்சேரி செய்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் காலமானார். குருவாயூர் ஏகாதசியை ஒட்டி அவர் பெயரில் நடக்கும் சங்கீத உற்சவம்தான் கேரளத்தில் நடக்கும் கர்நாடக இசை விழாக்களில் பெரியது. காலையிலிருந்து இரவு வரை ஆட்கள் மாறி மாறிப் பாடிக்கொண்டே இருப்பார்கள். கார்த்திகையில் வர முடிந்தால் கல்பாத்திக்குப் பதில் குருவாயூரைத் திட்டமிடுங்கள். ஆனால் குருவாயூரையும் செம்பையையும் ஒப்பிட்டால், செம்பைக் கிராமத்து ஏகாதசியைத்தான் நான் சிபாரிசு செய்வேன். கூட்டம் அளவாக இருக்கும், பாடுபவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் தூரம் இருக்காது.

இந்த மண்ணிலிருந்து போனவர்கள் பட்டியல் பெரியது. கே. வி. நாராயணஸ்வாமி பாலக்காட்டில் பிறந்தார், எம். டி. ராமநாதன் மஞ்ஞப்பரையில். சினிமாப் பாட்டு என்றால் எம். எஸ். விஸ்வநாதன், எலப்புள்ளிக்காரர். இவர்களில் பெரும்பாலோர் பெயர் வாங்கியது சென்னையில் என்பதை மறுக்க முடியாது. கச்சேரிக்குக் காசும் பத்திரிகையும் அங்கேதான் இருந்தன. ஊருக்கு வருவது தேருக்கும் ஏகாதசிக்கும். நான் முதலில் சொன்ன நாட்காட்டிக் கணக்கு அதனால்தான் இவ்வளவு இறுக்கமாக நிலைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கட்டடம் கட்டிய அரங்குகளைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டுக் கோட்டையை ஒட்டி ராப்பாடி என்ற திறந்தவெளி அரங்கு இருக்கிறது. மரங்கள் சூழ, படிக்கட்டு போல இருக்கை. டிசம்பர் கடைசி வாக்கில் ஸ்வரலயா அமைப்பின் நடன, இசை விழா இங்கே நடக்கும். கதக், ஒடிசி, ஹிந்துஸ்தானி எல்லாம் வரும், இரவில் காற்று இதமாக இருக்கும். கர்நாடக சங்கீதம் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு ஊரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி இருக்கிறது, அவ்வப்போது கச்சேரி வைப்பார்கள். செம்பை பெயரில் அரசு இசைக் கல்லூரி ஒன்றும் உண்டு. மாணவர் நிகழ்ச்சிகள் நடக்கும் நாளாக அமைந்தால் நல்ல அதிர்ஷ்டம். வருமுன் உள்ளூர்ப் பத்திரிகையின் 'இன்று' பகுதியைப் பாருங்கள். மலையாளம் படிக்கத் தெரியாவிட்டால் கல்பாத்தியில் யாரிடமாவது கேளுங்கள், தமிழிலேயே பதில் வரும்.

கிராமங்களின் பஜனை தனி உலகம். நூரணியில் சாஸ்தா பிரீதி என்ற ஐயப்பன் வழிபாடு நடக்கும்போது வரவுப் பாட்டு பாடுவார்கள். மேடை கிடையாது, வித்வானும் கிடையாது, நூறு பேர் தொண்டை. ராதா கல்யாண பஜனையில் விளக்கைச் சுற்றிக் கும்மி அடிப்பார்கள். முழு இரவும் உட்கார முடிந்தால் உட்காருங்கள், முடியாவிட்டால் திண்ணையில் சாய்ந்துகொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் மேலாக, தமிழர்கள் பலருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஷொர்ணூர், ஒற்றப்பாலம், பாலக்காடு பக்கத்துப் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து என்ற நிழல் பொம்மலாட்டம் நடக்கும். தைக்கு மேல் சித்திரை, வைகாசி வரை அதன் காலம். பாடப்படுவது கம்பராமாயணம். ஆமாம், கம்பனின் விருத்தங்களைத்தான் மலையாள நாட்டுப் புலவர்கள் மனப்பாடமாகப் பாடி, தமிழும் மலையாளமும் கலந்த நடையில் உரை சொல்லி, பாவைகளை ஆட்டுகிறார்கள். கூத்துமாடம் என்று இதற்கென்றே கோயிலுக்கு எதிரே நிரந்தரமாக ஒரு நீளக் கட்டடம் இருக்கும். வெள்ளைத் திரைக்குப் பின்னால் 21 விளக்குகள், தேங்காய் மூடியில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டவை. தாருகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காக நடத்துவது இது. ஆகவே மனிதப் பார்வையாளர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் கூத்து நிற்காது. கவளப்பாறை ஆரியங்காவில் 21 நாள் நடக்கும். கூனத்தறை ராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அதன் பிறகு கொஞ்சம் வெளிச்சம் விழுந்திருக்கிறது. நம் ஊரில் கம்பன் கழக மேடையில் பேச்சாகக் கேட்கிற பாட்டை, நடுராத்திரியில் எண்ணெய் வாசனையோடு, ஏழுபரை என்ற தோல்கருவி, சேகண்டிச் சத்தத்துக்கு நடுவில் கேட்பது வேறு விஷயம். உங்கள் அப்பாவுக்கு நான்கு விருத்தம் தெரிந்திருந்தால் போதும், புலவரோடு விடியும் வரை பேசிக்கொண்டிருப்பார். ஆலத்தூர், சித்தூர் பக்கத்துக் கண்யார்களி என்ற நாட்டுப்புற ஆட்டத்திலும் தமிழும் மலையாளமும் கலந்த பாட்டுகள் வரும், அதுவும் இரவு முழுக்க.

எங்கள் பக்கத்து ஆற்றங்கரை ஊர் சித்தூர். ஆழியாற்றுத் தண்ணீர் எல்லை தாண்டி வந்து சித்தூர்ப்புழை ஆகிறது. தண்ணீர் குறைந்தால் இரண்டு மாநில அதிகாரிகளும் ஒப்பந்தத்தை எடுத்துப் பிரிப்பது தனிக்கதை. இந்த ஆற்றுக்குச் சோகநாசினி என்று மலையாளக் கவி எழுத்தச்சன் பெயர் வைத்தார் என்பது வழக்கு. அவர் கடைசிக் காலத்தைக் கழித்த குருமடம் தெற்கே கிராமத்தில் இருக்கிறது, அவருடையது என்று சொல்லப்படும் எழுத்தாணியை அங்கே காட்டுவார்கள். சித்தூரில் மாசியில் வரும் கொங்கன்படை விழாவுக்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும். கொங்கு நாட்டு மன்னன் படையெடுத்து வந்ததையும், பகவதி துணையோடு ஊரார் அவனைத் தோற்கடித்ததையும் வருடாவருடம் நடித்துக் கொண்டாடுவார்கள். கோயம்புத்தூரிலிருந்து போய் நின்று, நம் ராஜா தோற்பதைக் கைதட்டி ரசித்துவிட்டு, சாயந்திரம் பஸ் ஏறி வீட்டுக்கு வரலாம். எங்கள் ஊர் கவுண்டர் வீடுகளிலிருந்தும் கூட்டமாகப் போவோம், யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

மற்றவை சுருக்கமாக. ஹைதர் அலி 1766-இல் கட்டிய கோட்டை நகர நடுவில் இருக்கிறது. அகழியும் மதிலும் நன்றாகப் பராமரிக்கப்படுகின்றன, உள்ளே அனுமார் கோயில். மாலை நடைக்கு நல்ல இடம். ஜைனிமேட்டில் கல்லால் கட்டிய பழைய சமணக் கோயில். மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் தன் புகழ்பெற்ற 'வீணபூவு' கவிதையை 1907-இல் எழுதியது இந்த ஜைனிமேட்டில் தங்கியிருந்தபோதுதான். கோயில் சின்னது, பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், ஆனால் அமைதி அதிகம். மலம்புழைக்குப் பிள்ளைகள் இருந்தால் போங்கள், கானாயி குஞ்ஞிராமனின் யட்சி சிலையைப் பாருங்கள். செறுதுருத்தியில் 1930-இல் கவிஞர் வள்ளத்தோள் தொடங்கிய கலாமண்டலம் என்ற கலைப்பள்ளி இருக்கிறது. ஷொர்ணூரில் ரயில் இறங்கி ஆற்றைக் கடந்தால் போதும். காலை வகுப்புகளைக் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். கதகளி மேடையில் பார்ப்பதைவிட, பையன்கள் கண்ணை மட்டும் உருட்டிப் பயிற்சி செய்வதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். கோடை விடுமுறையில் போகாதீர்கள்.

இரண்டு நாளை எப்படிப் பிரிப்பது? தேர் சமயம் என்றால் முதல் நாள் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை வழியாகச் சித்தூர் பார்த்துவிட்டு வாருங்கள். வாளையாறு வழி வேகம், ஆனால் லாரிகள் மட்டும்தான் தெரியும். இந்த வழியில் இருபுறமும் தென்னையும் வயலும், கள்ளுக்கடைப் பலகைகளும். சித்தூரிலிருந்து பெருவெம்பை, மதியம் பாலக்காடு, ஓய்வு, ஐந்தரைக்குக் கல்பாத்தி. மறுநாள் காலை கோயில், படித்துறை, தெரு. வெயில் ஏறியதும் செம்பைக்கு ஒரு நடை, மாலை திரும்பி வந்து தேர். தேர் இல்லாத நாட்களில் வந்தால் மாலைக் கச்சேரியை நம்பாமல் இரண்டாம் நாளைக் கலாமண்டலத்துக்கு ஒதுக்குங்கள்.

சாப்பாடு விஷயத்தில் ஒரே ஒரு பரிந்துரை. எலப்புள்ளிப் பக்கம் ராமசேரியில் கிடைக்கும் இட்லி. தமிழ்நாட்டிலிருந்து வந்த முதலியார் குடும்பங்கள் செய்வது. மண்பானை வாயில் நூல் வலை கட்டி, துணி விரித்து, மாவு ஊற்றி, விறகடுப்பில் வேகவைப்பார்கள். தட்டையாக, தோசை மாதிரி அகலமாக இருக்கும். பொடியில் எண்ணெய் விட்டுச் சாப்பிடுங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது. கல்பாத்தித் தெருவில் அப்பளமும் வத்தலும் வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். தேர் நாட்களில் தெருவுக்குள் வண்டி போகாது, தள்ளி நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். அப்பாவுக்கு நடக்கச் சிரமம் என்றால் சங்கம நாளைத் தவிர்த்து முதல் நாள் தேருக்கு வாருங்கள். அது துலாவர்ஷக் காலம், அதாவது வடகிழக்குப் பருவமழை, மதியத்துக்கு மேல் இடியோடு மழை கொட்டும். குடை இல்லாமல் வராதீர்கள். கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும், அப்பா வேட்டியோடு வந்தால் சௌகரியம். பாலக்காடு ரயில் சந்திப்பு ஒலவக்கோட்டில் இருக்கிறது, அங்கிருந்து கல்பாத்திக்கு ஆட்டோ கிடைக்கும். தேர் வாரத்தில் வெளியூரிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் வீடு திரும்புவதால் விடுதிகள் நிறைந்துவிடும். அக்டோபர் தொடக்கத்திலேயே அறை போட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் இரவு கோவைக்கே திரும்பிப் போய்க் காலையில் வாருங்கள், ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான்.